நினைவழி நோயும் இசையும்

முதுமையில் மூளை நரம்பணுக்கள் படிப்படியாகச் சிதைவதால் தோன்றும் நோய்களுள் ஆல்சைமர் நோய் பலரும் அறிந்த ஒன்று. இந்நோயுற்றோர் பெற்ற மக்களின் பெயரையும் மறப்பர். எனினும், இளமையிற் பாடிய பாட்டு எழுந்ததும் உடன் பாடுவோரும் தாளமிடுவோரும் அவருள் உளர். இஃது எவ்வாறு இயலும் என்பதனை ஈண்டு நாம் ஆராய்வாம்.

நினைவு முழுவதும் ஒரே பெட்டகத்தில் உள்ளதெனக் கருதுவதாலேயே இவ்வையம் எழுகின்றது. நேற்று நிகழ்ந்ததை நினைத்தல் ஒன்று. சொற்பொருளை அறிதல் பிறிதொன்று. பழகிய செயலை உடல் தானே செய்தல் மற்றொன்று. ஆல்சைமர் நோய் பெரும்பாலும் முதலாவதனையே முற்படத் தாக்கும். பலகாற் பாடிய பாட்டோ மூன்றாவதனையும் பற்றி நிற்பது. 2015-ஆம் ஆண்டில் செருமனி நாட்டு லைப்சிக் ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு இதற்கு அரண் செய்கின்றது. நெடுநாட் பழகிய பாட்டைக் கேட்குங்கால் தொழிற்படும் மூளைப் பகுதிகளை அவர்கள் நலமுடைய இளையோரிடம் கண்டனர்; பின்னர் நோயுற்றோரிடம் அப்பகுதிகளை ஆய்ந்தனர். பிறவற்றை நோக்க, அவை சிதைவு குறைந்தே இருந்தன. அவற்றுள் ஒன்று உடலியக்கத்தைத் திட்டமிடும் பகுதியைச் சார்ந்தது என்பது கருதத்தக்கது.

அமெரிக்கப் பாடகர் டோனி பென்னெட்டுக்கு (1926–2023) இந்நோய் உண்டென்பது 2016-இல் அறியப்பட்டது. அண்மை நிகழ்ச்சிகளை மறக்கும் நிலையிலும், 2021 ஆகஸ்டு 3, 5 ஆகிய நாள்களில் நியூயார்க் ரேடியோ சிட்டி அரங்கில் அவர் பாடினார்.

ஆயின், இசைத்திறன் எந்நோயிலும் குன்றாது என விதி வகுத்தல் பொருந்தாது. பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீசு ராவெல் (1875–1937) இறுதி ஆண்டுகளில் மூளைநோயால் நலிந்தார். அஃது எந்நோய் என்பதில் அறிஞர் ஒருமனப்பட்டிலர். அவரை ஆய்ந்த மருத்துவர் அலழுவானின் 1948-இல் எழுதிய கட்டுரையால், இசையை இனங்காணலும் பிறர் இசைப்பதிலுள்ள பிழையை உணர்தலும் அவர்பால் எஞ்சின என்பதும், இசைக்குறிகளைப் படித்தலும் எழுதுதலும் அரியவாயின என்பதும் பெறப்படும்.

எனவே, கேட்டறிதலும் பாடுதலும் எழுதுதலும் வெவ்வேறு ஆற்றல்கள் என்பதும், நோய் அவற்றை ஒருங்கே அழிப்பதில்லை என்பதும் தெளிவாம். இசை இந்நோயைத் தீர்ப்பதன்று. எனினும், பெயர் மறந்தாரை எல்லாம் இழந்தாரெனக் கொள்ளுதல் தவறு. அவர்க்கு எஞ்சியிருப்பது யாரோ விரும்பும் இசையன்று. தாம் பழகிய பாட்டே. அஃது யாதென்பதை அவர் சொல்லவல்ல காலத்தே சுற்றத்தார் கேட்டுக் குறித்துவைத்தல் கடனாம்.