அரவானின் முகமும் நாகப்படமும்: புனைவில் வேற்றினத்தார் உருவமைப்பு

மிகுபுனைவில் வேற்றினத்தாரை மனிதச் சாயலில் படைப்பதா, விநோத உருவில் படைப்பதா என்னும் வினாவுக்கு, நாகரைப் பற்றிய தமிழ்க் கதைகள் இருவேறு விடைகள் தருகின்றன. மணிமேகலையில் சாதுவன் கரையேறும் இடத்தில் வாழும் நக்கசாரண நாகர் உடலால் மனிதரே. ஆடையின்மையும் நரமாமிசம் உண்ணலுமே அவர்களை அந்நியராக்குகின்றன. சாதுவன் அவர்தம் மொழியிற் பேசியதும் அவ்வேற்றுமை தளர்கிறது.

கள்ளக்குறிச்சி மாவட்டக் கூவாகத்தில் கூத்தாண்டவராக வழிபடப்பெறும் அரவானின் நிலை இதனினும் சிக்கலானது. அவன் அருச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்தவன். ஆயினும் களப்பலிக்குரியவன் முப்பத்திரண்டு இலட்சணங்களும் நிரம்பியவனாதல் வேண்டும் என்கிறது தமிழ்க் கதை. ஆகவே நாகத்தாயின் மகனுக்குக் குறையற்ற மனித உடல் வாய்க்கிறது. கூத்தாண்டவர் திருவுருவங்களில் மீசையும் அகன்ற விழிகளும் கொண்ட ஆண்முகமே முதன்மை பெறும். தாய்வழி அடையாளமான நாகப்படம் பலவற்றில் மகுடத்தின்மேல் ஒதுங்கிவிடும். கோரைப்பல் மட்டும் சிலவற்றில் முகத்துள் நுழைகிறது (இதனை அரக்கக் கூறு என்பதே பொருந்தும், நாகக் கூறு அன்று). முகம் இவ்வாறு மனிதமாகவே காக்கப்பட்டதற்குச் சடங்கும் காரணமாகலாம். சித்திரைத் திருவிழாவில் திருநங்கையர் அவன் பொருட்டுத் தாலி கட்டிக்கொள்கின்றனர். மறுநாள் அதனை அறுத்து, கணவனை இழந்தவராய்ப் புலம்புகின்றனர்.