பதின்மூன்று கண்ணிகள்: ஐதராபாத்தில் ஆராயப்பட்ட இரு பெப்டைடுகள்

எதிர் உயிரி மருந்துகளுக்கு அடங்காத நோய்க்கிருமிகள் உலகெங்கும் பெருகி வருகின்றன. 2019ஆம் ஆண்டில் மட்டும் இதன் நேரடி விளைவாக 12.7 லட்சம் பேர் மாண்டனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. எனவே, உயிரினங்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே உற்பத்தி செய்யும் பெப்டைடுகள் கவனத்தை ஈர்த்துள்ளன. அமினோ அமிலங்கள் சங்கிலிபோல் இணைந்த சிறு புரதத் துண்டே பெப்டைடு எனப்படும்.

ஐதராபாத்தில் 1977இல் தொடங்கப்பெற்ற உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையம் இத்துறையில் முன்னோடியாகும். காளையின் விந்துநீரிலுள்ள செமினல்பிளாஸ்மின் என்னும் புரதம் பாக்டீரியாக்களைத் தடுப்பதை பி. எம். பார்கவாவும் அவர்தம் குழுவினரும் 1979இல் அறிவித்தனர். 47 அமினோ அமிலங்கள் கொண்ட அதிலிருந்து 13 மட்டுமே கொண்ட ஒரு பகுதியை, மையத்தின் என். சீதாராமும் ஆர். நாகராஜும் செயற்கையாக உருவாக்கி 1990இல் ஆராய்ந்தனர். இது முதல் பெப்டைடு.

இரண்டாவது இண்டோலிசிடின். மாட்டின் வெள்ளணுக்களிலிருந்து 1992இல் அமெரிக்காவில் பிரித்தெடுக்கப்பட்டது. இதிலும் அமினோ அமிலங்கள் 13தான். அவற்றுள் 5 டிரிப்டோஃபேன். இதுவும் பின்னர் இம்மையத்தில் ஆராயப்பட்டது.

ஒற்றுமையும் வேற்றுமையும்

பாக்டீரியாவின் உறை எதிர்மின் தன்மையுடையது. நேர்மின் தன்மையுள்ள இப்பெப்டைடுகள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. முதலாவது, சுருள் வடிவம் பெற்று உறையைக் குலைக்கிறது. இண்டோலிசிடினோ உள்ளே புகுந்து டி.என்.ஏ. உருவாவதையும் தடுக்கிறது.

இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு: இவை நமது சிவப்பணுக்களையும் சிதைக்கின்றன. கிருமியைக் கொல்லும் பொருள் நோயாளியின் குருதியையும் அழித்தால் அது மருந்தாகாது. இங்குதான் ஐதராபாத் ஆய்வின் சிறப்பு விளங்குகிறது. முதலாவதில் குளூட்டாமிக் அமிலத்தை நீக்கி லைசினை வைத்தபோது, சிவப்பணுச் சிதைவு மிகாமலே கிருமிகொல்லும் ஆற்றல் உயர்ந்தது. இண்டோலிசிடினில் டிரிப்டோஃபேனுக்குப் பதிலாக ஃபினைல்அலனைனை வைத்தபோது, கிருமிகொல்லும் ஆற்றல் நீடித்தது. சிவப்பணுச் சிதைவு நீங்கியது.

மருந்தாகுமா?

உடலிலுள்ள நொதிகள் பெப்டைடுகளை விரைவில் சிதைத்துவிடும். தயாரிப்புச் செலவும் மிகுதி. ஆகவே தோலின்மீது பூசும் மருந்தாகவே இவற்றுக்கு வாய்ப்பு அதிகம். இண்டோலிசிடினை ஒட்டி உருவான ஓமிகனான் அவ்வாறே மனிதரிடம் சோதிக்கப்பட்டது. ஆனால் குருதிக்குழாய்ச் செருகுகுழல் வழியே பரவும் தொற்றைத் தடுக்கும் இறுதிக்கட்டச் சோதனையில் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. செமினல்பிளாஸ்மின் துண்டு ஆய்வுக்கூடப் பொருளாகவே இருந்து வருகிறது.

புதிய மருந்து கைக்கு எட்டும்வரை, இருப்பதைக் காப்பதே கடமை. முக்கிய எதிர் உயிரி மருந்துகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்பதைத் தடுக்கும் எச்1 அட்டவணை 2014 முதல் நடைமுறையில் உள்ளது. அதனைச் செம்மையாகச் செயற்படுத்துவது ஆய்வுக்கூடப் பணிக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.