பால்மரம் பிறந்த கண்டம்

மலாக்கா நகரில் நின்று பூமியின் மையத்தின் வழியே ஒரு நேர்கோடு இழுத்தால், மறுபக்கத்தில் அது எங்கே வெளிவரும்? தென் அமெரிக்காவில், எக்குவடோர் நாட்டில், ஆண்டிஸ் மலை இறங்கி அமேசான் காடு தொடங்குகிற இடத்தில். மலாக்கா நிலநடுக்கோட்டுக்கு இரண்டு பாகை வடக்கே இருக்கிறது. அந்த இடம் இரண்டு பாகை தெற்கே. இங்கே காலை ஆறு மணி என்றால் அங்கே முந்தைய நாள் மாலை ஐந்து. இதைவிடத் தொலைவான நிலம் மலாக்காவுக்கு இல்லை. ஆனால் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரத் தோட்டத் தமிழரின் வாழ்க்கையை, தமிழ்நாட்டுக்கு அடுத்தபடியாக, அதிகம் மாற்றிப்போட்டது அந்தக் கண்டம்தான்.

காற்பந்து ஆட்டக்காரர்களின் பெயரைத் தவிர அந்தக் கண்டத்தைப் பற்றி நம்மில் பலருக்கு அதிகம் தெரியாது. ஏறக்குறைய 1.78 கோடி சதுர கிலோமீட்டர் பரப்பு, 12 சுதந்திர நாடுகள், கண்டத்தின் கிட்டத்தட்டப் பாதி நிலம் பிரேசிலுக்கு. மெக்சிகோ இந்தக் கணக்கில் சேராது. அது வட அமெரிக்காவைச் சேர்ந்தது. கண்டம் முழுக்கக் காடு என்று நினைப்பதும் சரியில்லை. மழை மிக அரிதான அட்டகாமா பாலைவனம் அங்கே இருக்கிறது. தெற்கு முனையில் பனியாறுகள் இருக்கின்றன. மேற்குக் கரையோரம் ஏழாயிரம் கிலோமீட்டர் நீளத்துக்கு ஆண்டிஸ் நிற்கிறது; அதன் உச்சி அக்கோன்காகுவா 6,961 மீட்டர்.

அண்டை நாடுகளில் பெரும்பாலானவை ஸ்பானிய மொழி பேச, பிரேசில் மட்டும் ஏன் போர்த்துகீசியம் பேசுகிறது என்பது பலரும் கேட்கும் கேள்வி. 1494-இல் ஸ்பெயினும் போர்த்துகலும் டோர்டெசில்லாஸ் என்ற ஊரில் அட்லாண்டிக் கடலின் குறுக்கே ஒரு கோடு கிழித்து, கிழக்கே உள்ளது உனக்கு, மேற்கே உள்ளது எனக்கு என்று பங்கு போட்டுக்கொண்டன. அங்கே குடியிருந்த மக்களை யாரும் கேட்கவில்லை. 1500 ஏப்ரலில் இந்தியாவுக்குப் புறப்பட்ட போர்த்துகீசிய மாலுமி கப்ராலின் கப்பல்கள் பிரேசில் கரையைத் தொட்டன. அந்தக் கரை போர்த்துகலின் பங்கில் விழுந்தது. கப்ரால் அதே ஆண்டு கோழிக்கோடு வந்து சேர்ந்தார். பதினோரு ஆண்டு கழித்து, 1511-இல், போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க் மலாக்காவைப் பிடித்தார். பிரேசிலுக்கும் மலாக்காவுக்கும் ஒரே எசமானர் வந்த கதை இது. மலாக்கா ஊஜோங் பாசிரில் வாழும் போர்த்துகீசிய வம்சாவளியினரின் கிறிஸ்தாங் மொழியும் பிரேசிலின் மொழியும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

மலாக்காவைப் பிடித்த படையில் கடலோடி மகெல்லனும் இருந்தார். இங்கிருந்து ஓர் அடிமையை அவர் கொண்டுபோனார். ஏடுகளில் அவன் பெயர் என்ரிக். மகெல்லன் தம் உயிலில் அவனை மலாக்காக்காரன் என்கிறார். உடன் பயணம் செய்து குறிப்பு எழுதிய பிகஃபெட்டா சுமத்திரா என்கிறார். 1520 அக்டோபர், நவம்பரில் தென் அமெரிக்காவின் கால்மாட்டில் உள்ள குறுகிய நீரிணையைக் கடந்த கப்பலில் என்ரிக்கும் இருந்தான். அந்த நீரிணைக்கு மகெல்லன் பெயர் வைத்தார்கள். மலாயாவின் வரலாற்றைப் படிக்கும் பிள்ளைகள் என்ரிக்கின் பெயரையும் அறிந்திருக்க வேண்டும்.

இனிப் பால்மரத்துக்கு, அதாவது ரப்பர் மரத்துக்கு, வருவோம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். வெயில் காய்கிற நாளில் பால்மரத்துக் காய் படீரென்று வெடித்து, கொட்டைகள் தள்ளிப் போய் விழும். ஒரு காய்க்கு மூன்று கொட்டை. பழுப்பு நிறத்தில் வரி வரியாகப் புள்ளி போட்டு வழவழப்பாக இருக்கும். சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றிப் பக்கத்துப் பையனின் கையில் வைத்துச் சுடுவது லயத்துப் பிள்ளைகளின் விளையாட்டு. அந்தக் கொட்டைக்கு ஒரு குறை உண்டு. சில வாரங்களில் முளைக்கும் திறனை இழந்துவிடும். நெல்லைப் போல் அடுத்த பருவத்துக்கு எடுத்து வைக்க முடியாது.

அதனால்தான் 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயருக்கு அவ்வளவு அவசரம். அமேசானின் துணையாறான தப்பஜோஸ் ஆற்றங்கரையில் சுமார் 70,000 கொட்டைகளைத் திரட்டி, நீராவிக் கப்பலில் லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவை ஏறக்குறைய 2,700. பெரும்பகுதி நாற்றுகள் இலங்கைக்குப் போயின. 1877-இல் கியூவிலிருந்து 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்தன. பிரேசிலில் இதை இன்றைக்கும் திருட்டு என்றுதான் சொல்வார்கள். அன்றைக்கு அதைத் தடுக்கச் சட்டம் இல்லை. ஆனால் அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தின் தலைவர் ரிட்லி மரம் சாகாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அமேசானில் கோடரியால் கொத்திப் பட்டையைப் புண்ணாக்கினார்கள். ரிட்லியோ, பட்டையை மெல்லிசாகச் சீவினால் அது மறுபடி வளரும், ஆண்டுக்கணக்கில் பால் வரும் என்று காட்டினார். கொட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பார்க்கிற தோட்டக்காரரிடமெல்லாம் நடச் சொன்னதால், அவருக்குப் பைத்தியக்காரர் என்ற பட்டம் கிடைத்தது. அவர் பேச்சைக் கேட்டவர் மலாக்காவின் டான் சாய் யான். மலாக்கா உள்நாடு அப்போது மரவள்ளித் தோட்டமாக இருந்தது. டான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் பால்மரம் நட்டார். பிறகு புக்கிட் அசாஹானில் பெரிய அளவில் நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் அப்படிப் பிறந்தது.

அதே 1896-இன் கடைசி நாளில், அமேசான் காட்டின் நடுவே மனாவ்ஸ் நகரில் ஒரு பிரம்மாண்ட நாடக அரங்கம் திறக்கப்பட்டது. இத்தாலியச் சலவைக்கல், ஐரோப்பியக் கண்ணாடி விளக்கு, எல்லாம் ரப்பர் காசு. புக்கிட் லிந்தாங்கில் நட்ட கன்றுகள் அந்தக் காசுக்கு முடிவு கட்டும் என்று அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள். முதல் உலகப்போர் தொடங்குமுன்பே ஆசியத் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை மிஞ்சிவிட்டது.

பால் வெட்டியவர்கள் யார்? இரு பக்கமும் பஞ்சம் விரட்டியவர்கள்; அந்தப் பஞ்சத்தின் பின்னே ஒரு கடல் நிகழ்வு இருந்தது. தென் அமெரிக்கக் கடற்கரையின் பக்கம் பசிபிக் நீர் வழக்கத்தைவிடச் சூடேறும் நிகழ்வை எல் நினோ என்பார்கள்; பெரு நாட்டு மீனவர் வைத்த பெயர் அது. 1877-இல் வந்த எல் நினோ கடுமையானது. பிரேசிலின் வடகிழக்கில் செயரா மாநிலம் வறண்டது. அங்கிருந்து பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் அமேசானில் பால் எடுக்கும் கூலிகளானார்கள். தமிழ்நாட்டில் 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தைக் கொடியதாக்கியதும் அதே எல் நினோ. ஊர் இனிச் சோறு போடாது என்று கடல் கடக்கும் வழக்கத்தை அந்தப் பஞ்சம் வலுப்படுத்தியது. ரப்பர் வந்தபோது கங்காணிமார் ஆள் திரட்டியதும் அந்தத் தமிழ்நாட்டில்தான்.

செயராக்காரன் காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் மரங்களைத் தேடி ஒற்றையடிப் பாதையில் நடந்தான். முதலாளியின் கடைக் கடன் அவனைக் கட்டிப்போட்டது. மலாக்காத் தமிழர் விடியுமுன் பிரட்டு எனும் பெயர் அழைப்புக்கு நின்று, நிரை பிடித்து, சில நூறு மரங்களை வெட்டி, மங்கு எனும் கிண்ணத்தில் சேர்ந்த பாலை வாளியில் சுமந்தார்கள். பெரு எல்லையில் புட்டுமாயோ பகுதிப் பழங்குடியினருக்கு நேர்ந்தது இவை எல்லாவற்றையும்விடக் கொடுமை. 1910-இல் அங்கே போன பிரிட்டிஷ் தூதர் ரோஜர் கேஸ்மென்ட் சவுக்கடியையும் கொலையையும் அறிக்கையாக எழுதினார். குற்றம் செய்த ரப்பர் நிறுவனம் லண்டனில் பதிவு பெற்றது.

பிறந்த மண்ணிலேயே பெருந்தோட்டம் போட்டிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு போட்டுப் பார்த்தார். 1928-இல், விக்கம் கொட்டை பொறுக்கிய அதே தப்பஜோஸ் கரையில், ஃபோர்ட்லாண்டியா என்று ஊரையே கட்டினார். ஆனால் அமேசானில் பால்மரத்தின் இளந்தளிரைத் தின்னும் ஒரு பூஞ்சை இருக்கிறது. காட்டில் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்பதால் நோய் பரவுவது கடினம். நிரையாக நெருக்கி நட்டால் தோட்டமே மொட்டையாகும். 1945-இல் ஃபோர்டு நிறுவனம் நிலத்தைப் பிரேசிலிடமே விட்டுவிட்டது. மலாக்காவுக்குக் கொட்டை வந்தது, பூஞ்சை வரவில்லை. மலாயா ரப்பரின் செழிப்புக்கு இது பெரிய காரணம். இன்றும் அந்தப் பூஞ்சை உள்ளே வராமல் மலேசியா கவனமாக இருக்கிறது. 1981-இல் புதிய இரகங்களுக்காக ஆய்வாளர்கள் பிரேசில் காடுகளுக்குப் போனபோது, அந்நாட்டின் ஒப்புதலோடு விதை சேர்த்தார்கள். பாதி பிரேசிலிலேயே தங்கியது, ஒரு பங்கு மலேசியா வந்தது.

மரம் மட்டும் வரவில்லை. கோயில் திருவிழாவில் சுண்டலாகும் நிலக்கடலை, பாயசத்து முந்திரி, அன்னாசி, உருளைக்கிழங்கு, எல்லாம் அந்தக் கண்டத்தின் பயிர்கள். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காதபோது தோட்டத்து மக்களைப் பிழைக்க வைத்த மரவள்ளிக்கிழங்கும் அமேசான் பழங்குடிகள் பயிராக்கியதுதான்.

அங்கே தமிழர் இருக்கிறார்களா? கயானாவில் இருக்கிறார்கள். அன்றைய பிரிட்டிஷ் கயானாவின் கரும்புத் தோட்டங்களுக்கு 1845 முதல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினார்கள். வட இந்தியரே அங்கே பெரும்பான்மை. தமிழ்ப் பேச்சு மெல்ல மறைந்தது. அவர்களின் வழித்தோன்றல்களை இன்னும் மதராசி என்கிறார்கள். அவர்கள் கோயிலில் மாரியம்மனுக்குப் பூசை நடக்கிறது. சாமி வரும்போது அடிக்கிற பறையின் பெயர் அங்கேயும் தப்புதான்.