ஆகாத உணவும் ஆகும் உணவும்

என் மகள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. பால், முட்டை, வேர்க்கடலை மூன்றும் அவளுக்கு ஒவ்வாது. "அப்படியானால் என்னதான் சாப்பிடுவாள்?" என்று நீங்கள் கேட்கலாம். முதலில் ஒவ்வாமை என்பது என்ன என்று பார்ப்போம்.

நோய்க்கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் நம் உடலுக்கு உண்டு. சிலரிடம் அது தீங்கற்ற உணவுப் புரதத்தையும் பகை என்று தவறாகக் கருதிவிடுகிறது. 1921-ஆம் ஆண்டு பிராஸ்னிட்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர் ஒரு சோதனை செய்தார். அவருடன் பணியாற்றிய கூஸ்ட்னருக்கு மீன் ஆகாது. கூஸ்ட்னரின் இரத்தச் சீரத்தைப் பிராஸ்னிட்ஸ் தம் தோலில் செலுத்திக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியதும் அங்கே தடிப்பு உண்டாயிற்று! ஒவ்வாமைக்குக் காரணமான பொருள் இரத்தத்தில் இருப்பது இதனால் புலனாயிற்று.

அப்பொருள் 1960-களில் கண்டறியப்பட்டது. இம்யூனோகுளோபுலின்-இ என்னும் எதிர்ப்பொருளே அது. தோலிலும் குடலிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள மாஸ்ட் செல்களின்மேல் இது ஒட்டிக்கொண்டிருக்கும். உரிய புரதம் வந்ததும் அச்செல்கள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களை வெளிவிடும். அரிப்பு, தடிப்பு, வாந்தி ஏற்படும். மூச்சுத் திணறல் ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்து. அப்போது தேவைப்படும் முதல் மருந்து அட்ரினலின் ஊசி. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

"ஒரு வாய் தின்றால் என்ன?" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு கிராம் வேர்க்கடலையில் சுமார் 250 மில்லிகிராம் புரதம் உள்ளது. சிலருக்குச் சில மில்லிகிராமே போதும். கடலைச் சட்னியில் இட்ட கரண்டியைத் தேங்காய்ச் சட்னியில் இடுவதுகூடத் தீங்காகலாம்.

பால் குடித்து வயிறு உப்பினால் அது ஒவ்வாமைதான் என்று முடிவு கட்டாதீர்கள். பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காமலும் அப்படி நேரலாம். இரண்டும் வேறு. மருத்துவரைக் கேளாமல் நாமாக உணவுகளை நீக்கினால் சத்துக் குறைவே மிஞ்சும்.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். ஒன்றை நீக்கினால் அது தந்த சத்தை வேறொன்றில் தேட வேண்டும். 100 கிராம் பாலில் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம். ஆகவே எங்கள் வீட்டில் கேழ்வரகு அடை அடிக்கடி உண்டு. புரதத்திற்குப் பயறும் மீனும். இட்லி, சாம்பார், கீரை, பழங்கள் எல்லாம் இருக்கின்றன. தயிர்ச் சோற்றுக்குப் பதில் ரசச் சோறு. கடையில் வாங்கும் பிஸ்கட்டின் உறையைப் படித்த பிறகே பிரிப்போம். பால், முட்டை, வேர்க்கடலை கலந்திருந்தால் உறையில் குறிப்பிட வேண்டும் என்பது நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டு விதி.

முன்பு அவளுடைய தோழிகள், "ஒரு வாய்தானே!" என்று ஊட்ட வருவார்கள். இப்போது டப்பாவைத் திறக்குமுன், "இதில் கடலை இருக்கிறது" என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். மாணவர்களே, உங்கள் வகுப்பிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். அவருக்கு நீங்கள் செய்யக்கூடிய பேருதவி அந்த ஒரு சொல்தான்.