மீட்போரின் மனநலம்

2024 ஜூலை 13 அன்று திருவனந்தபுரம் ரயில் நிலையத்துக்கு அடியில் செல்லும் ஆமையிழஞ்சான் கால்வாயைத் துப்புரவு செய்துகொண்டிருந்த தொழிலாளி ஒருவரை வெள்ளம் அடித்துச் சென்றது. கேரளத் தீயணைப்பு மீட்புத் துறையின் முக்குளிப்போர், குப்பை அடைத்துக்கிடந்த இருண்ட சுரங்கப் பகுதியில் புகுந்து தேடினர். 15ஆம் நாள் காலையில் உடல்தான் கிடைத்தது. அதே மாதம் 30ஆம் நாள் வயநாட்டில் நிலச்சரிவு. அங்கும் இத்துறையினர் சடலங்களைத் தேட நேர்ந்தது.

முயன்றும் உயிரைக் காக்க இயலவில்லை என்னும் எண்ணம் இப்பணியாளரை நெடுநாள் வாட்டக்கூடியது. உறக்கமின்மை, எரிச்சல், கண்ட காட்சி மீண்டும் மீண்டும் தோன்றுதல் ஆகியவை முதல் சில வாரங்களில் இயல்பானவையே. பெரும்பாலோர்க்குத் தாமே தணிகின்றன. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைக்குமாயின் சிகிச்சை தேவை.

நிகழ்ச்சி முடிந்தவுடன் அனைவரையும் அமர்த்தி நடந்ததை விவரிக்கச் செய்யும் முறை ஒரு காலத்தில் பெரிதும் போற்றப்பட்டது. அதனால் பிற்காலப் பாதிப்பு குறைவதாக ஆய்வுகள் காட்டவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் அதனைப் பரிந்துரைப்பதில்லை. 2011இல் வெளியிட்ட கையேட்டில் 'உளவியல் முதலுதவி'யை விளக்கியுள்ளது. உணவும் ஓய்வும் கிடைக்கச் செய்தல், பேச விரும்புவோருக்குச் செவிகொடுத்தல், எவரையும் வற்புறுத்தாமை என்பன அதன் சாரம். செலவு மிகுந்ததன்று, நிலைய அதிகாரியே பயிலலாம்.

செலவைவிடப் பெரிய தடை அச்சமே. மருத்துவரை நாடினால் அது பணிப்பதிவேட்டில் ஏறிவிடும் என ஊழியர் அஞ்சுவதுண்டு. (கோப்புகளோடு நெடுங்காலம் பழகிய எனக்கு அவ்வச்சம் வியப்பளிக்கவில்லை.) 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவில், சிகிச்சை விவரங்களுக்கு இரகசியக் காப்பு அளிக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். இவ்விரு செய்திகளையும் நிலைய அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்குத் தனி ஆணை எதுவும் தேவையில்லை.