ஊரார் அழுகையைக் கேட்கிறவர் யாரிடம் அழுவது?
கவுன்சலர்களுக்கும் ஒரு ‘வாத்தியார்’ வேண்டும்!

எடப்பாடி, –

பஸ் ஸ்டாண்டை விட்டு இறங்கி எந்தத் தெருவில் திரும்பினாலும் தறிச் சத்தம்தான். வீட்டுக்குள்ளேயே தறி, தறிக்குப் பக்கத்திலேயே தொட்டில். இந்தச் சத்தத்தில் ஒரு வசதி உண்டு. உள்ளே நடக்கிற சண்டை பக்கத்து வீட்டுக்குக் கேட்காது!

குடி, முன்பணக் கடன், பரீட்சை பயம் என்று இந்தச் சண்டைகளைக் காது கொடுத்துக் கேட்கவே இப்போது ஆட்கள் இருக்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் பேச ‘நம்பிக்கை மைய’ கவுன்சலர்கள் உண்டு. போனில் 104 உண்டு. 2022 அக்டோபர் 10 முதல் மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ 14416 வேறு.

2021 செப்டம்பரில் நீட் தேர்வு நாளன்று நம் சேலம் மாவட்டத்து மாணவர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதன் பிறகு, தேர்வு எழுதிய லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குப் போன் போட்டுப் பேச அரசு ஏற்பாடு செய்தது. பேசியவர்கள் கவுன்சலர்கள்தான்.

சரி, நாள் முழுக்க மற்றவர் கண்ணீரைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற அந்த கவுன்சலர் யாரிடம் பேசுவார்?

வேவு பார்ப்பதா?

இதற்குத்தான் ‘சூப்பர்விஷன்’ என்று ஒன்று இருக்கிறது. பேரைக் கேட்டதும் ரிஜிஸ்டரைப் புரட்டிக் கையெழுத்து போடும் மேலதிகாரி என்று நினைத்துவிட வேண்டாம். அனுபவப்பட்ட ஒருவர் மாதம் ஒன்றிரண்டு முறை கவுன்சலரை உட்கார வைத்து, “எந்தக் கேஸில் மாட்டிக்கிட்டு நிக்கிறே, சொல்லு” என்று கேட்பது. வந்தவரின் பெயர் வெளியே போகாது. பிரிட்டனில் அங்கீகாரம் பெற்ற கவுன்சலர்கள் மாதம் குறைந்தது ஒன்றரை மணி நேரம் இப்படி உட்கார்ந்தே ஆகவேண்டும் என்று அவர்கள் சங்கமே விதி வைத்திருக்கிறது.

அதிலும் ‘சிஸ்டமிக்’ முறை என்று ஒன்று. வந்த ஆளை மட்டும் பார்க்காதே, அவரைச் சுற்றி இருக்கிற வீடு, வேலை, கடன் எல்லாவற்றையும் சேர்த்துப் பார், அதற்குள் உன்னையும் சேர்த்துப் பார் என்பது அதன் கட்டளை.

உதாரணத்துக்கு ஒரு தறித் தொழிலாளி வீட்டை எடுத்துக்கொள்வோம். “என் வீட்டுக்காரர் குடிக்கிறாருங்க” என்று மனைவி வருகிறார். கவுன்சலர் புருஷனைக் கூப்பிட்டு குடியை விடச் சொல்கிறார். நாலு வாரம் ஆகியும் பலன் இல்லை. கவுன்சலருக்கே வெறுத்துப்போகிறது.

சூப்பர்வைசர் புத்தி சொல்ல மாட்டார். கேள்விதான் கேட்பார். “ஏம்மா, அவர் குடிச்சுட்டு வந்தா முதல்ல யாரு எழுந்து போறாங்க? மாமியார் யார் பக்கம்? குடியை விட்டுட்டா முன்பணம் கொடுத்த பட்டறைக்காரர்கிட்டே அவர் என்ன பேச வேண்டியிருக்கும்? எல்லாம் போகட்டும், அந்தப் பொண்ணு பேசும்போது நீ ஏன் அவ பக்கமே சாயறே?”

கடைசிக் கேள்வியில்தான் முடிச்சு அவிழும்! கவுன்சலர் பிறந்த வீட்டிலும் ஒரு குடிகாரர் இருந்திருக்கலாம் அல்லவா?

துணியில் கோடு விழுந்தால் நெசவாளி துணியையா திட்டுகிறார்? தறியை நிறுத்திவிட்டு பாவைப் பார்க்கிறார், நாடாவைப் பார்க்கிறார். அதே கதைதான்.

விளக்கு மாறியது

இந்த முறை வளர்ந்த கதையும் சுவையானது. இத்தாலியில் மிலான் நகரில் 1970களில் செல்வினி பலாசோலி என்ற பெண் டாக்டரும் மூன்று கூட்டாளிகளும் ஒரு ஏற்பாடு செய்தார்கள். இரண்டு பேர் குடும்பத்தோடு பேச, மற்ற இரண்டு பேர் ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து கவனிப்பார்கள். நடுவில் எழுந்து போய்க் கலந்து பேசுவார்கள்.

1985 மார்ச்சில் நார்வேயின் வடகோடியில் டாம் ஆண்டர்சன் என்ற டாக்டரின் குழு இப்படித்தான் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. உள்ளே பேசிய இளம் டாக்டர் அந்தக் குடும்பத்தின் துயரத்திலேயே மூழ்கிக்கொண்டிருந்தார். வெளியே கூப்பிட்டு நல்ல கேள்வி சொல்லி அனுப்பினாலும் உள்ளே போனதும் மறுபடி அதே துயரம். கடைசியில் ஆண்டர்சன் குடும்பத்தையே கேட்டார்: “நாங்கள் பேசுவதை நீங்கள் கேட்கிறீர்களா?” சம்மதித்தார்கள். விளக்கை இந்தப் பக்கம் போட்டு மைக்கைத் திருப்பினார்கள். அதுவரை பார்க்கப்பட்டவர்கள் பார்க்கிறவர்களாகிவிட்டார்கள்! டாக்டர்கள் மறைவில் பேசும் வழக்கம் அன்று அங்கே உடைந்தது.

குடும்பத்தைச் சேர்த்துப் பார்ப்பது நமக்கு மட்டும் புதிதா என்ன? 1950களிலேயே அமிர்தசரஸ் மனநல ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யாசாகர் வளாகத்தில் கூடாரம் போட்டு நோயாளிகளோடு சொந்தக்காரர்களையும் தங்க வைத்தார். நம் வேலூர் சி.எம்.சி.யிலும் வீட்டு ஆள் கூடவே தங்குவது பழைய வழக்கம்.

போனார்கள், பார்த்தார்கள்

நம்பிக்கை மைய கவுன்சலர்களுக்கும் ஒரு காலத்தில் கை கொடுத்தார்கள். மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம் நடத்திய ‘சக்‌ஷம்’ திட்டத்தில் பயிற்சி மட்டும் இல்லை. கவுன்சலர் உட்காரும் இடத்துக்கே போய் கூட இருந்து பார்த்துச் சொல்லிக்கொடுப்பதும் இருந்தது. லாரித் தொழிலால் எய்ட்ஸ் தடுப்பு வேலை மும்முரமாக நடந்த நாமக்கல் நமக்குப் பக்கத்து மாவட்டம். அங்கே இந்த வேலையின் பாரம் சொல்லாமலே புரியும். “உங்களுக்கு பாசிட்டிவ்” என்று ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது லேசான காரியமா?

ஆனால் திட்டத்துக்கு முடிவு தேதி உண்டு, கண்ணீருக்கு இல்லை. பள்ளியில், தொண்டு நிறுவனத்தில், தனி அறையில் உட்காரும் கவுன்சலருக்கு மாதம் இத்தனை மணி நேரம் சூப்பர்விஷன் கட்டாயம் என்று நம் நாட்டில் சட்டம் கிடையாது. சாகப் போகிறேன் என்று ஒரு பையன் மாலை ஐந்து மணிக்குச் சொல்லிவிட்டுப் போனால், அந்த இரவு முழுக்க அதைச் சுமப்பது கவுன்சலர் ஒருத்தர்தான்.

காசு இல்லாமலும் செய்யலாம். சேலம், சங்ககிரி, எடப்பாடி கவுன்சலர்கள் நாலைந்து பேர் மாதம் ஒரு சனிக்கிழமை ஓர் அறையில் கூடினால் போதும். ஒருவர் கேஸைச் சொல்ல, ஒருவர் கேள்வி கேட்க, மற்றவர்கள் கவனித்துவிட்டுத் தங்களுக்குத் தோன்றியதைப் பேச வேண்டும். ஆண்டர்சன் செய்ததும் அதுதானே? கண்ணாடிகூட வேண்டாம். தறிச் சத்தம் கேட்காத அறையாக இருந்தால் சரி!

(மனக்கஷ்டத்தில் இருப்போர் எந்த நேரமும் 104 அல்லது 14416-க்குப் பேசலாம்.)