கிணற்றுக்குள் மறைந்து வாழும் கண்ணில்லா மீன்கள்: மரபணு ஆய்வு வெளிப்படுத்தும் உண்மை

கிணற்றிலிருந்து மின்மோட்டார் மூலம் ஏற்றப்பட்ட தண்ணீர் மாடித் தொட்டியில் விழுகிறது. அத்துடன் ஒரு விரல் நீளம்கூட இல்லாத, இளஞ்சிவப்பு நிறமுடைய உயிர் ஒன்றும் வந்து விழுகிறது. புழு என்று கருதி அதைச் சாக்கடையில் கொட்டிவிடுவோர் பலர். உண்மையில் அது புழுவன்று. கண்களும் நிறமியும் அற்ற கெளுத்தி மீன். கேரளத்தின் நிலத்தடியில் மட்டுமே வாழும் இந்த மீன்களைப் பற்றிக் கேரள மீன்வள மற்றும் பெருங்கடல் ஆய்வுகள் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் ஆறு ஆண்டுகள் மேற்கொண்ட ஆய்வு, நன்னீர் உயிரினப் பாதுகாப்பில் புதிய கேள்விகளை எழுப்பியுள்ளது.

இளம் ஆய்வாளர்களான ரெம்யா எல். சுந்தர், சி.பி. அர்ஜுன் ஆகியோருடன் அப்பல்கலைக்கழகத்தின் ராஜீவ் ராகவன், டெல்லியை அடுத்த ஷிவ் நாடார் பல்கலைக்கழகத்தின் நீலேஷ் தஹானுகர், ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலுள்ள சென்கென்பர்க் அருங்காட்சியகத்தின் ரால்ஃப் பிரிட்ஸ் ஆகியோர் இந்த ஆய்வில் பங்கேற்றனர். இதன் முடிவுகள் 2023-ஆம் ஆண்டு வெளியாயின.

பாறைக்குள் ஓர் உலகம்

வெட்டுக்கல் என்று கேரளத்தில் அழைக்கப்படும் செம்பூராங்கல் பாறை, நுண்ணிய துளைகளும் இடுக்குகளும் நிறைந்தது. மழைநீர் இந்த இடுக்குகளில் இறங்கித் தங்குவதால் நிலத்தடி நீர்த்தாங்கிகள் உருவாகின்றன. வெளிச்சம் சிறிதும் எட்டாத அந்த நீரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததால் இம்மீன்கள் பார்வையையும் நிறத்தையும் இழந்துவிட்டன. முழு வளர்ச்சி அடைந்த மீனே 35 மில்லிமீட்டருக்கும் குறைவான நீளம் கொண்டது.

இந்தியாவின் புகழ்பெற்ற மீனியல் அறிஞர் சுந்தர்லால் ஹோராவின் நினைவாக இப்பேரினத்துக்கு ‘ஹோராக்ளானிஸ்’ என்று பெயரிடப்பட்டது. கோட்டயத்துக் கிணறு ஒன்றில் கிடைத்த மீனைக் கொண்டு 1950-இல் ஏ.ஜி.கே. மேனன் முதல் இனத்தை விவரித்தார். 2004-இல் இரண்டாவது இனமும், 2012-இல் மூன்றாவது இனமும் அறிவிக்கப்பட்டன. திருச்சூர் மாவட்டம் இரிஞ்சாலக்குடாவில் கிடைத்த மூன்றாவது இனம், முன்னாள் குடியரசுத் தலைவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாமின் பெயரைத் தாங்கி நிற்கிறது. எனினும் இவை எங்கெங்கு வாழ்கின்றன, ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருங்கியவை என்பன நீண்ட காலம் விடையற்ற கேள்விகளாகவே இருந்தன.

மக்களே கண்கள்

ஆற்றில் வலை வீசுவது போல நிலத்தடியில் வலை வீச இயலாது. அந்த நீரை நாள்தோறும் இறைப்பவர்கள் வீட்டுக் கிணற்றின் உரிமையாளர்களே. எனவே ஆய்வுக் குழுவினர் ஊர்மக்களை நாடினர். கூட்டங்கள் நடத்தி இம்மீன்களின் தன்மையை விளக்கினர். கிணறு இறைக்கும்போதோ, தொட்டியைக் கழுவும்போதோ இத்தகைய உயிர் தென்பட்டால் தெரிவிக்குமாறு கேட்டுக்கொண்டனர்.

அதன் பயனாக 47 புதிய இடங்களில் இம்மீன்கள் வாழ்வது பதிவாயிற்று. 65 புதிய மரபணு வரிசைகளும் கிடைத்தன. மேலும், பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே மட்டுமே இம்மீன்கள் காணப்படுகின்றன என்பதும் தெரியவந்தது. ஆய்வின்போது அடையாளம் காணப்பட்ட புதிய இனத்துக்கு ‘ஹோராக்ளானிஸ் பாப்புலி’ என்று பெயர் சூட்டப்பட்டது. ‘பாப்புலி’ என்ற இலத்தீன் சொல்லுக்கு ‘மக்களின்’ என்பது பொருள். தகவல் தந்து உதவிய பொதுமக்களைச் சிறப்பிக்கும் வகையில் இப்பெயர் தேர்ந்தெடுக்கப்பட்டது.

தோற்றம் ஒன்று, மரபணு வேறு

வழக்கமாக மீன் இனங்களைத் துடுப்புக் கதிர்களின் எண்ணிக்கை, செதில், நிறம், உடலின் அளவு ஆகியவற்றைக் கொண்டு பிரித்தறிவர். கண்ணும் நிறமும் இல்லாத, ஏறத்தாழ ஒரே வடிவம் கொண்ட இம்மீன்களில் அந்த முறை போதவில்லை. இங்குதான் மரபணு வரிசை ஆய்வு கைகொடுக்கிறது.

உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள குறிப்பிட்ட மரபணுத் துண்டு ஒன்றைப் பிரித்தெடுத்து, அதன் எழுத்து வரிசையைப் படித்து, வெவ்வேறு இடங்களில் கிடைத்த மீன்களுடன் ஒப்பிடுவர். இரு மீன்களின் வரிசைகளில் வேறுபாடு கூடுதலாக இருந்தால், அவற்றின் முன்னோர் நெடுங்காலத்துக்கு முன்பே பிரிந்துவிட்டனர் என்று கொள்ளலாம். கடைப் பொருளின் பட்டைக் குறியீட்டைப் போல இந்தத் துண்டு பயன்படுவதால் இதனை ‘டிஎன்ஏ பட்டைக் குறியீடு’ என்றும் அழைப்பர்.

கேரளத்து மீன்களில் கிடைத்த முடிவு வியப்பளிப்பதாக இருந்தது. வெளித்தோற்றத்தில் வேறுபாடு காண்பதே அரிதாக இருந்தபோதிலும், மரபணு அளவில் அவற்றிடையே பெரும் பன்மை காணப்பட்டது. அதாவது, ஒரே மீன் என்று எண்ணப்படுபவை உண்மையில் தனித்தனி மரபுக் கிளைகளைச் சேர்ந்தவையாக இருக்கக்கூடும்.

பாதுகாப்புக்கு இது முக்கியமான செய்தியாகும். ஒரு பகுதியின் நீர்த்தாங்கி வறண்டால், “அதே மீன் வேறு ஊரில் இருக்கிறது” என்று ஆறுதல் கொள்ள முடியாது. அந்த ஊரில் இருந்த மரபுக் கிளை அத்துடன் முற்றிலும் அழிந்துபோகலாம்.

காவிரி தரும் சான்று

சரியான பெயர் கிடைப்பது ஒரு மீனின் தலைவிதியையே மாற்றும் என்பதற்குக் காவிரியிலேயே சான்று உண்டு. 50 கிலோவுக்கும் மேல் வளரக்கூடிய திமில் மகசீர், உலகெங்கும் தூண்டில் மீன்பிடிப்போரால் அறியப்பட்டிருந்தும், அறிவியல் பெயர் உறுதியாகாமலே இருந்தது. மோயாற்றில் கிடைத்த மீன்களின் உடலமைப்பையும் மரபணுவையும் ஆராய்ந்து, அது ‘டோர் ரெமாதேவியை’ என்ற இனமே என்று 2018-இல் பன்னாட்டுக் குழு உறுதிசெய்தது. கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளரும் ராஜீவ் ராகவனும் அக்குழுவில் இடம்பெற்றிருந்தனர். அதே ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில், மிக அருகிய இனமாக அம்மீன் சேர்க்கப்பட்டது. பெயர் உறுதியாகும் வரை பட்டியலில் அதற்கு இடமில்லை.

மேலே தெரிவதும் தெரியாததும்

உலக அளவில் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்ட 23,496 நன்னீர் மீன், தும்பி, நண்டு மற்றும் இறால் வகை இனங்களில் 24 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாக 2025 ஜனவரியில் வெளியான ஆய்வு தெரிவித்தது. மேற்பரப்பு நீர்நிலைகளின் சீரழிவையாவது கண்ணால் காண முடிகிறது. தெற்கு டெல்லியின் மழைநீரை யமுனைக்குக் கொண்டு சென்ற பாராபுல்லா ஓடை இன்று கழிவுநீர்க் கால்வாயாக உள்ளது. அக்கால்வாயைச் சீரமைப்பதற்காக, அதன் கரையில் பல பத்தாண்டுகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த மதராசி கேம்ப் குடியிருப்பு, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. கெட்டுப்போன நீர்நிலையைப் பின்னர் மீட்க முனையும்போது, அதன் விலையைக் கரையோர மக்களும் சேர்ந்தே கொடுக்க நேர்கிறது.

நிலத்தடி நீரின் நிலை இன்னும் கடினமானது. அங்கு நிகழும் இழப்பு யார் கண்ணிலும் படுவதில்லை. உலகிலேயே மிக அதிக அளவில் நிலத்தடி நீரைப் பயன்படுத்தும் நாடு இந்தியா. ஆழ்துளைக் கிணறுகளால் நீர்மட்டம் தாழ்வது, செம்பூராங்கல் வெட்டியெடுக்கப்படுவது, கழிவுநீர் கசிவது ஆகிய அனைத்தும் இம்மீன்களின் வாழிடத்தைக் குறைக்கின்றன. அவை வாழும் இடம் காப்புக்காட்டு எல்லைக்குள் அடங்குவதன்று; தனியார் வீட்டு முற்றத்துக்கு அடியில் இருப்பது. ஆகவே வேலியிட்டுக் காக்கும் வழக்கமான முறை இங்குப் பொருந்தாது.

இம்மீன்களுக்கும் மனிதர்களுக்கும் நீர் ஒன்றே. மீன் வாழும் அதே நீர்த்தாங்கியிலிருந்துதான் அவ்வீட்டாரின் குடிநீரும் வருகிறது. தொட்டியில் விழுந்த சிற்றுயிரைக் கொட்டிவிடாமல், படம் எடுத்து அருகிலுள்ள மீன்வளக் கல்வி நிறுவனத்துக்குத் தெரிவித்தால், அதுவே ஓர் இனத்தின் இருப்புக்குச் சான்றாகலாம். கேரளத்தில் கிடைத்த 47 புதிய இடங்களின் பட்டியல் அவ்வாறுதான் உருவானது.